பொறுப்புச் சூரியன்

ஓய்வு பெறப்போகிறவரை எட்டாத இடமாகப் பார்த்து அனுப்புவது எல்லாத் துறைகளிலும் உள்ள வழக்கம். விண்வெளி ஆய்வுத் துறை இதில் யாருக்கும் சளைத்ததல்ல. பத்தொன்பது நாள் பாக்கி இருந்த ஃபிட்டரைச் சூரியனே இல்லாத ஓர் உலகத்துக்கு அனுப்பியது.

ஃபிட்டர் எதிர்த்துப் பேசவில்லை. முப்பத்தி நாலு வருஷமாகப் பேசாதவர், இப்போது எதற்குப் புதிதாகத் தொடங்க வேண்டும்? விண்கலத்தில் எந்த மரை தளர்ந்தாலும் சுவரில் காதை வைத்தே சொல்லிவிடுவார். வீட்டுச் சமையலறைக் குழாய் மட்டும் பதினோரு வருஷமாக ஒழுகிக்கொண்டிருந்தது.

சோம்பல் என்று நினைக்க வேண்டாம். வீடு துறையின் குடியிருப்பு. குழாய் கட்டிடப் பிரிவுக்குச் சொந்தம். ஃபிட்டர் விண்கலப் பிரிவு. ஒரு பிரிவின் ஆள் இன்னொரு பிரிவின் குழாயில் கை வைத்தால் குற்றம். மனு போட்டார். பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. குழாய்க்கு அடியில் ஒரு வாளி வைத்தார்கள். வாளி நிறைய நிறையக் கொட்டுவது மனைவியின் வேலை.

கிளம்பும்போது அவள் வாளியோடு வந்து நின்றாள்.

"ஏங்க, ஒரு திருகு. அவ்வளவுதான். நீங்க திருகறீங்களா, நான் திருகவா?"

"நீ தொட்டாலும் என் பேர்லதான் எழுதுவான். இன்னும் பத்தொன்பது நாள். அப்புறம் நான் யாருக்கும் ஆள் இல்ல. வீட்டுச் சாவியைக் குடுக்கறதுக்கு முன்னாடி இந்தக் குழாயை ஒரு திருகு திருகிட்டுத்தான் குடுப்பேன்."

"பாக்கலாம்" என்று அவள் வாளியைக் கொட்டப் போனாள்.

போன விண்கலத்தில் மூன்று பேர். அதிகாரி, எழுத்தர் அம்மா, ஃபிட்டர். மூவருக்கும் புதுச் சீருடை. அந்த வருஷம் மேலிடத்தில் எல்லோரும் கறுப்புக் கண்ணாடி போடத் தொடங்கியிருந்தார்கள். சீருடைக் குழு அதைச் சீருடையிலும் சேர்த்துவிட்டது. ஆகவே இருட்டைத் தவிர வேறெதுவும் இல்லாத உலகத்தில் மூவரும் கறுப்புக் கண்ணாடியோடு இறங்கினார்கள். அதிகாரி முதல் படியிலேயே தடுக்கி விழுந்தார். விழுந்த இடத்தில் கொடி நட்டார்.

எழுத்தர் அம்மா வருகைப் பதிவேட்டைத் திறந்தார். திறந்தவர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"என்ன மேடம், கையெழுத்துப் போடலாமா?" என்றார் ஃபிட்டர்.

"நாள் ஆரம்பிக்கலையே."

"அப்படின்னா?"

"விதி பதினாலு. நாள் என்பது சூரியன் உதித்து, மறுபடி உதிக்கும் வரை உள்ள காலம். இங்க உதிக்கலை. உதிக்காத நாளுக்கு எப்படிக் கையெழுத்து வாங்குவேன்?"

"என் கைக்கடிகாரம் ஓடுது மேடம்."

"அது உங்க சொந்தக் கடிகாரம். அலுவலகத்தைக் கட்டுப்படுத்தாது."

ஃபிட்டருக்கு மெதுவாக உறைத்தது. பயண காலம் சர்வீஸில் சேராது என்று முன்னமே சொல்லிவிட்டார்கள். இங்கே நாளே பிறக்காது. பாக்கி பத்தொன்பது நாளும் பத்தொன்பதாகவே நிற்கும். இதோடு போகவில்லை. திரும்பும் சாவி ஒரு பூட்டிய பெட்டியில் இருந்தது. பதிவேட்டில் முப்பதாவது நாள் கையெழுத்து விழுந்தால்தான் அந்தப் பெட்டி திறக்கும்.

அதிகாரி மேலிடத்துக்குச் செய்தி அனுப்பினார். பதில் வருவதற்குள் சாப்பாட்டு டப்பா நாற்பது காலியானது. பதில் இதுதான்: சூரியன் உதிக்காததற்கான காரணத்தைச் சம்பந்தப்பட்ட சூரியனிடமிருந்து எழுத்து மூலம் பெற்று, மூன்று பிரதிகள் அனுப்பவும்.

"நியாயமாத்தான் கேக்கறாங்க" என்றார் அதிகாரி.

அந்தச் சமயத்தில்தான் வேட்டைக்காரர்கள் வந்தார்கள்.

ஒன்பது பேர். ஆளுக்கு இரண்டு ஆள் உயரம், மூன்று கை, சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் கண். மூன்றாவது கையில் ஈட்டி. சத்தமே இல்லாமல் கலத்தைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். முன்னால் நின்றவன் இளையவன், அவன்தான் தலைவன். நேரடி நியமனம் என்பது நிற்கிற தோரணையிலேயே தெரிந்தது. அவனுக்குப் பின்னால் முதுகு வளைந்த ஒரு கிழவர்.

துறை ஒரு மொழிபெயர்ப்புப் பெட்டி கொடுத்திருந்தது. அதற்கு அரசாங்கக் கடிதங்களை மட்டுமே பாடமாகக் கொடுத்திருந்தார்கள். தலைவன் தொண்டைக்குள் ஏதோ உறுமினான். பெட்டி சொன்னது:

"மேற்படி இடத்தில் நிற்கும் தாங்கள் உயிருள்ளவர்களா? ஆம் எனில், தாங்கள் எங்களால் கொல்லப்பட்டு உண்ணப்படுவீர்கள் என்பது இதன்மூலம் தெரிவிக்கப்படுகிறது. இல்லை எனில் காரணம் கூறவும்."

எழுத்தர் அம்மாவின் பேனா கீழே விழுந்தது. அதிகாரியின் முகமோ மலர்ந்தது. சொந்தக்காரர்களைப் பார்த்த மாதிரி இருந்தது அவருக்கு.

"ஏன், உயிர் இல்லன்னா சாப்பிட மாட்டீங்களா?"

"செத்துக் கிடப்பவை எங்கள் அரசுக்குச் சொந்தம். தொட்டால் தண்டனை. ஆகவே உயிர் இருப்பது முதலில் நிரூபிக்கப்பட வேண்டும். கேள்விகள் மூன்று. ஒன்று: தாங்கள் தங்கள் விருப்பப்படி நகர்வீர்களா?"

"மேலிடத்து உத்தரவு இல்லாம ஓர் அடி நகர மாட்டோம்."

ஈட்டிகள் சற்றே தாழ்ந்தன.

"இரண்டு: பசித்தால் உண்பீர்களா?"

"மதியம் ஒண்ணுல இருந்து ஒண்ணரைக்குள்ள பசிச்சா உண்டு."

"மூன்று: மனதில் பட்டதை வாயால் சொல்வீர்களா?"

அதிகாரி பெருமையோடு நிமிர்ந்தார். "இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். ஒரு தடவைகூடக் கிடையாது."

வேட்டைக்காரர்கள் கூடிப் பேசினார்கள். தலைவன் ஒரு கல் பலகையில் எதையோ கீறினான். பெட்டி வாசித்தது: "பொருள்கள் மூன்று. பார்வைக்கு உயிருள்ளவை போல் உள்ளன. சோதித்ததில் உயிர் இல்லை. உயிர்க்குறி தென்படும் வரை கண்காணிக்கவும்."

ஒன்பது பேரும் கலத்துக்கு எதிரே வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். கலத்தின் வெளிச்சத்தில் அவர்களுக்குக் கண் கூசியது. அதிகாரி உபரியாக இருந்த கறுப்புக் கண்ணாடிகளை எடுத்து, தட்டுக் கண்ணை மூடும்படி ஆளுக்கு நாலாகச் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார். சீருடைக் குழு மூன்று பேருக்கு நாற்பது அனுப்பியிருந்தது. வேட்டைக்காரர்களுக்குக் கண்ணாடி ரொம்பப் பிடித்துவிட்டது. ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். பிறகு எதுவும் தெரியாமல் ஒருவர் காலை ஒருவர் மிதித்தார்கள். ஆனால் யாரும் கழற்றவில்லை.

ஃபிட்டருக்கும் கிழவருக்கும் பழக்கம் ஏற்பட்டது இப்படித்தான். ஃபிட்டர் படியில் உட்கார்ந்திருப்பார். கிழவர் நாலடி தள்ளி ஈட்டியோடு உட்கார்ந்திருப்பார். நடுவில் பெட்டி.

"உங்களுக்கு இன்னும் எவ்வளவு காலம் பெரியவரே?"

"ஒரு வேட்டை மட்டும் நிலுவையில் உள்ளது. அது முடிந்தால் பணியிலிருந்து விடுவிக்கப்படுவேன். ஆனால் இங்கு வேட்டைக்குரிய உயிர்கள் தீர்ந்து நெடுங்காலம் ஆகிறது."

"ஒண்ணுகூடவா இல்ல? நீங்கள்லாம் இருக்கீங்களே."

கிழவர் தலைவன் இருந்த பக்கம் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் உறுமினார். பெட்டியும் தணிந்த குரலில் சொன்னது: "சட்டத்தில் எங்களுக்கும் விலக்கு இல்லை. ஆகவே நாங்களும் உத்தரவின்றி எதுவும் செய்வதில்லை. தும்முவதற்குக்கூட முன் அனுமதி பெறுகிறோம்."

"வீட்டுல?"

"என் இல்லத்தரசி, குகையின் கூரை ஒழுகுதல் குறித்துப் பலமுறை நினைவூட்டியுள்ளார். ஒரு கல்லை நகர்த்தினால் போதும். உத்தரவு வரவில்லை. அந்தச் சொட்டுச் சத்தம் எனக்கு ஆகாது. தலைக்குள் விழுகிறது."

ஃபிட்டர் தன் குழாய்க் கதையைச் சொன்னார். கிழவர் மூன்று கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

யோசனை ஃபிட்டருக்குத்தான் வந்தது. எழுத்தர் அம்மாவிடம் போனார்.

"மேடம், சூரியன்னா என்னன்னு விதியில இருக்கா?"

அவர் தேடினார். "கிழக்கே எழுந்து மேற்கே மறையும் ஒளி."

"கிழக்கு எதுன்னு?"

"சூரியன் எழும் திசை கிழக்கு."

"அப்போ கலத்தோட பெரிய விளக்கைத் தூக்கிக்கிட்டு ஒருத்தர் அந்த மேட்டுக்குப் பின்னால இருந்து ஏறி, இந்தப் பக்கம் இறங்கினா?"

எழுத்தர் அம்மா விதியை மூன்று தடவை படித்தார். அவர் நேர்மையானவர். "அதுவும் ஒரு நாள்தான்" என்றார்.

அதிகாரி யோசித்தார். சும்மா ஒருவர் விளக்கைத் தூக்கினால் அது விளக்குதான். நியமன உத்தரவோடு தூக்கினால் சூரியன். ஆகவே உத்தரவு தயாரானது. கிழவர் உயரமாக இருந்தார். தலைவனின் ஆட்சேபணை இல்லாக் கடிதமும் கிடைத்தது. நிரந்தரச் சூரியன் நியமிக்கப்படும் வரை கிழவர் பொறுப்புச் சூரியனாகச் செயல்படுவார் என்று அதிகாரி கையெழுத்திட்டார்.

கிழவர் விளக்கைத் தலைக்கு மேல் பிடித்து மேட்டின் பின்னாலிருந்து எழுந்தார். எல்லோரும் கறுப்புக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டார்கள். இப்போதுதான் அதற்கு முதல்முறையாக வேலை வந்தது.

"காலை வணக்கம்" என்றார் அதிகாரி.

மூவரும் கையெழுத்திட்டார்கள். கிழவர் மேட்டைத் தாண்டி இறங்கினார். சாயங்காலம் ஆயிற்று. பதிவேட்டை மூடினார்கள். கிழவர் சுற்றிக்கொண்டு பின்னால் ஓடினார். மறுநாள்.

ஒரு நாளுக்கு நாலு நிமிஷம் பிடித்தது. ஆறாம் நாள் முடிந்ததும் அதிகாரி நீட்டிப் படுத்துவிட்டார்.

"என்ன சார்?"

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை."

நாலு நிமிஷம் படுத்திருந்துவிட்டு, திங்கட்கிழமை வந்துவிட்டதே என்று அலுத்துக்கொண்டே எழுந்தார். பத்தாம் நாள் எழுத்தர் அம்மா அரை நாள் லீவு எடுத்துத் தலை வாரிக்கொண்டார். பதினாலாம் நாள் கிழவர் வழுக்கி விழுந்ததால் நண்பகலில் இருட்டியது. அதைச் சூரிய கிரகணம் என்று பதிந்தார்கள்.

பத்தொன்பதாம் நாள் ஃபிட்டருக்குப் பிரிவு உபசார விழா. அதிகாரி பேச எழுந்தார். "முப்பத்தி நாலு வருஷம் நம்மோடு..." என்பதற்குள் சூரியன் மறைந்தது. அலுவலக நேரம் முடிந்துவிட்டதால் உட்கார்ந்துகொண்டார்.

ஃபிட்டர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிப் படியில் வைத்தார். தொப்பியை வைத்தார். முதுகை நிமிர்த்தினார்.

"அவ்வளவுதான். இனிமே என் இஷ்டம்" என்று சொல்லி, யாரும் சொல்லாமல், இடது பக்கமாக நாலடி நடந்தார்.

எட்டு ஈட்டிகளும் ஒரே சமயத்தில் உயர்ந்தன.

"உயிர்க்குறி!" என்றது பெட்டி. "தன் விருப்பப்படி நகர்ந்தது. மனதில் பட்டதைச் சொன்னது. வேட்டைக்குத் தகுதி பெறுகிறது. நிலுவை உள்ள மூத்தவருக்கு முன்னுரிமை."

மேட்டிலிருந்து கிழவர் விளக்கை வைத்துவிட்டு ஈட்டியோடு வந்தார். உத்தரவு. வேறு வழியில்லை. ஃபிட்டருக்கு எதிரே வந்து நின்றார். தட்டுக் கண்கள் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் என்ன செய்தன என்று தெரியவில்லை. ஈட்டியை மட்டும் உயர்த்திப் பிடித்தார்.

"சார், எதாவது பண்ணுங்க" என்றார் ஃபிட்டர்.

"நீங்க இப்ப ஊழியர் இல்லையே. வெளியாள் விஷயத்துல நான் தலையிட முடியாது." அதிகாரி கொஞ்சம் யோசித்தார். "கலத்தை ஓட்டவும் ஆள் வேணும். வெளியாள் எஞ்சினைத் தொடக் கூடாது. ஒண்ணு பண்ணலாம். மறுநியமனம். காலவரையறை கிடையாது. கையெழுத்துப் போடறீங்களா?"

"போட்டா?"

"பழையபடி ஆயிடுவீங்க."

ஃபிட்டர் ஈட்டி முனையைப் பார்த்தார். அதைத் தாண்டி எங்கேயோ இருந்த வாளியையும் நினைத்திருப்பார். கையெழுத்துப் போட்டார்.

தலைவன் வந்து மூன்று கேள்விகளையும் மறுபடி கேட்டான். ஃபிட்டர் சரியாகப் பதில் சொன்னார். கிழவர் ஈட்டியைத் தாழ்த்திவிட்டு, பாக்கிப் பதினோரு நாளை உதிக்க மேட்டுக்குப் போனார். போகிற நடையில் ஒரு துள்ளல் இருந்த மாதிரி ஃபிட்டருக்குப் பட்டது. வெளியே சொல்லவில்லை.

முப்பதாவது கையெழுத்தில் சாவிப் பெட்டி திறந்தது. கிளம்பும்போது தலைவன் கேட்டான்: "தங்கள் உலகில் அனைவரும் இவ்வாறுதானா?"

அதிகாரிக்கு ரோஷம் வந்துவிட்டது. "எங்க ஊர்லயா? கோடிக்கணக்கான உயிர் இருக்கு. வந்து பாருங்க." உடனே தூதுக்குழுவுக்கான அழைப்பை எழுதிக் கொடுத்தார். ஓய்வு பெற்றிருந்தால் ஃபிட்டர் எஞ்சினைத் தொடக் கூடாது, தூதுக்குழு கலத்திலேயே ஏறலாம். தலைவனும் கிழவரும் ஈட்டிகளோடு ஏறினார்கள்.

ஊரில் யாரும் அவர்களைப் பார்த்துப் பயப்படவில்லை. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் மேலிடத்து ஆட்கள் என்று நினைத்து வழிவிட்டார்கள். தலைவன் மூன்று நாள் ஊரைச் சோதித்தான். ஒரு வண்டிகூட இல்லாத தெருவில் சிவப்பு விளக்குக்கு அறுபது பேர் நின்றார்கள். ஒரு கட்டிடத்தைச் சுற்றி நீண்ட வரிசை. எதற்கு என்று கடைசி ஆளைக் கேட்டான்.

"முன்னால நிக்கறாங்களே" என்றார் அவர்.

முன்னால் போய்ப் பார்த்தால் சன்னல் மூடியிருந்தது. ஒரு நாய் மட்டும் தன் இஷ்டத்துக்கு ஓடியது. ஈட்டியை ஓங்கினான். அதன் கழுத்தில் லைசென்ஸ் வில்லை தொங்கியது. அனுமதி பெற்று ஓடுகிற நாய். விட்டுவிட்டான்.

மூன்றாம் நாள் மாலை கிழவர் ஃபிட்டரின் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். நண்பர் வீடு ஆயிற்றே. தலைவனிடம் அனுமதி வாங்கித்தான் வந்தார். தலைவன் வாசலில் பலகையோடு நின்றான். ஃபிட்டர் அவரைச் சமையலறைக்குக் கூட்டிப்போய் மனைவிக்கு அறிமுகம் செய்தார்.

"இவருதான் சூரியன்."

"உக்காருங்க" என்றாள் அவள். "வாளியை மட்டும் இடிச்சுடாதீங்க."

கிழவர் உட்கார்ந்தார். சொட்டு. கிழவர் குழாயைப் பார்த்தார். சொட்டு. கிழவர் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"தாங்கள் இதைத் திருகியிருக்கலாமே?"

"மறுபடி ஊழியர் ஆயிட்டேனே. உத்தரவு வரணும்."

"வரும் வரும்" என்றாள் மனைவி. "பதினோரு வருஷமா வந்துக்கிட்டு இருக்கு."

சொட்டு. சொட்டு.

கிழவர் எழுந்தார். சன்னலோரம் கிடந்த ஸ்பேனரை மூன்றாவது கையால் எடுத்தார். ஒரு திருகு. குழாய் நின்றது.

வீடே நிசப்தமானது. பதினோரு வருஷத்தில் அந்தச் சமையலறை அப்படி ஒரு அமைதியைக் கேட்டதில்லை. மனைவி வாயில் கை வைத்துக்கொண்டாள்.

வாசலில் பலகையில் கீறும் சத்தம் கேட்டது.

"உயிர்க்குறி" என்றது பெட்டி. "உத்தரவின்றித் தன் விருப்பப்படி செயல்பட்டது. யாரேனும் உத்தரவிட்டிருந்தால் இப்போதே தெரிவிக்கலாம்."

கிழவர் ஸ்பேனரைப் பிடித்தபடியே ஃபிட்டரைத் திரும்பிப் பார்த்தார். நான்தான் சொன்னேன் என்று ஒரு வார்த்தை. அது போதும். மனைவி கணவனின் முழங்கையை இடித்தாள்.

"சொல்லுங்களேன்" என்று கிசுகிசுத்தாள்.

ஃபிட்டர் வாயைத் திறந்தார். வாசலில் இருந்த ஈட்டியைப் பார்த்தார். தானாகப் பேசினால் அதுவும் ஓர் உயிர்க்குறிதான்.

"மேலிடத்துக்கு எழுதிக் கேட்கலாம்" என்றார்.

தலைவனுக்கு அவ்வளவு காலம் கிடையாது. அப்புறம் நடந்தது விதிப்படி நடந்தது. கிழவரின் நிலுவை வேட்டை அவரையே வேட்டையாடியதோடு தீர்ந்ததாகப் பதிவாயிற்று, பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். தலைவன் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, துறை அனுப்பிய கலத்தில் தனியாகத் தன் உலகத்துக்குத் திரும்பினான். இந்த உலகத்தில் உயிர் எதுவும் இல்லை, கொண்டுவந்த ஒன்று மட்டுமே இருந்தது என்று அவன் அறிக்கை கொடுத்ததாகக் கேள்வி.

குழாய் ஒழுகவில்லை. மனைவி ஃபிட்டரிடம் பேசவும் இல்லை. வாளியைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் உட்கார்ந்து சன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள்.

பதினைந்தாம் நாள் ஒரு கடிதம் வந்தது. கட்டிடப் பிரிவிலிருந்து. பதினோரு வருஷத்தில் முதல் உத்தரவு. அனுமதியற்ற வெளியாள் ஒருவரால் துறைக்குச் சொந்தமான குழாய் திருகப்பட்டது கவனத்துக்கு வந்துள்ளது என்றும், அக்குழாயை உடனடியாகப் பழைய நிலைக்குக் கொண்டுவருமாறு ஃபிட்டருக்கு உத்தரவிடப்படுகிறது என்றும் அதில் இருந்தது.

ஃபிட்டர் அதை இரண்டு தடவை படித்தார். தொப்பியைப் போட்டுக்கொண்டார். கறுப்புக் கண்ணாடியையும்தான். ஸ்பேனரை எடுத்துச் சமையலறைக்குப் போனார்.

"கொஞ்சம் எழுந்திரு" என்றார் மனைவியிடம். "வாளி வேணும்."